வலது ஓரம்

சர்வீஸ் வேன் ஓட்டுகிறவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. பந்தயக் கார் காட்டுக்குள் குறுக்கே பாயும். அதைப் படம் எடுக்க மரத்தின்மேல்கூட ஏறி நிற்பார்கள். அந்தக் காருக்கு வேண்டிய டயர், ஜாக்கி, எண்ணெய் டப்பா, ரொட்டி, அவித்த முட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிற வேனோ, காருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து தார்ப்பாய் விரித்துத் தயாராக நிற்க வேண்டும். சுற்றிப் போகிறவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற இந்த நியாயத்தை வகுத்தவர் யாரோ, அவரைப் பிடித்து ஒரே ஒரு நாள் அந்த வேனில் உட்கார வைக்க வேண்டும்.

மேஸ்திரியம்மா பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பாவின் பட்டறையில் காருக்கு அடியிலேயே வளர்ந்தவள். வாடிக்கையாளர்கள் கேலியாக மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்து, வேலையைப் பார்த்த பிறகு அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் புருஷனும் அப்படி வந்த வாடிக்கையாளன்தான். வாரத்துக்கு ஒரு தடவை எதையாவது உடைத்துக்கொண்டு வந்து நிற்பான். இப்படியே விட்டால் கட்டுப்படியாகாது என்று கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டார்கள் என்று பட்டறையில் சொல்வார்கள். அவனுக்குப் புழுதி என்று பெயர். பந்தயம் ஓட்டி ஓட்டி, கல்யாணப் படத்தில்கூட அவன் காது மடலில் செம்மண் இருக்கும்.

இந்த வருஷம் நாடு நாடாகப் போகிற ஒரு பெரிய கார்ப் பந்தயம் அவர்கள் நாட்டு வழியாகப் போயிற்று. பல நாட்டுக் கார்கள், பல நாட்டு ஆட்கள். வெளிநாட்டுக் குழுக்களுக்கு லாரியே வீடு மாதிரி இருந்தது. உள்ளே படுக்கை, காப்பி மெஷின், கை கழுவ வெந்நீர். இவர்களுக்கு ஒரு வேன், ஒரு தார்ப்பாய், மேஸ்திரியம்மா, அப்புறம் வெல்டர். வெல்டர் அப்பா காலத்து ஆள். வேலை நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார். வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கடனை வட்டியும் முதலுமாகத் தீர்ப்பார்.

காரில் புழுதிக்குப் பக்கத்து சீட்டில் குறிப்பு வாசிக்கிறவன் மேஸ்திரியம்மாவின் தம்பி. வளைவின் கூர்மைக்கு என்ன எண், அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர், மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எழுதி வைத்ததைப் பந்தயத்தின்போது வாசித்துக்கொண்டே வர வேண்டும். "இடது மூணு, மேடு, நூறு, வலது ரெண்டு, இறுகும்," இவ்வளவுதான் அவன் பேச்சு. அதற்கு மேல் ஒரு சொல் வராது. அம்மா போனபோது கைக்குழந்தை. அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். இப்போது அவனுக்கே தவழ்கிற வயசில் ஒரு பெண் இருக்கிறாள்.

அன்று பந்தயத்திலேயே நீளமான நாள். விடிந்ததும் கிளம்பி, வழியில் காரை நிறுத்திச் சரிபார்க்க மூன்று இடத்தில் சர்வீஸ், கடைசிக் கட்டம் அந்தி மயங்குகிற நேரத்தில் காட்டுக்குள்.

வேன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மேஸ்திரியம்மா காலையிலிருந்தே வண்டியை விரட்டிக்கொண்டிருந்தாள். காரணம் வெல்டருக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் புழுதி பட்டறை கேட்டின் வலது தூணில் உரசினான். "கேட்டு போட்டவனுக்குக் கண்ணு தெரியல" என்று திட்டினான். அடுத்த வாரம் அதே தூணில் மறுபடி உரசினான். அவள் அவனைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வலது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட வேண்டும் என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "கடை வச்சிருக்கேன்" என்றான் புழுதி, கண்ணைச் சிமிட்டாமல்.

பந்தயத்துக்கான மருத்துவச் சோதனையில் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடகடவென்று வாசித்துவிட்டு வந்துவிட்டான். எதிரே இருப்பதெல்லாம் அவனுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஓரத்தை யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "இந்த ஒண்ணு மட்டும். நம்ம ஊர் வழியா இனி எப்ப வரும் சொல்லு. இதை முடிச்சுட்டு சாவியை உங்கிட்டயே குடுத்துடறேன். மாப்ளகிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் பயந்தான்னா வாசிக்கறப்ப தடுமாறுவான். அவன் தடுமாறினா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

பந்தயக்காரர்களுக்கு இந்தப் பேச்சு நியாயமாகத்தான் படும். அவளுக்கும் பட்டது. சரி என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

"மேஸ்திரியம்மா, எண்பதுல போறோம்," என்றார் வெல்டர். "நாம பந்தயத்துல இல்ல."

"முன்னால போய் நிக்க வேணாமா?"

"போவோம். முழுசாப் போவோம். பின்னால ஜாக்கி எல்லாம் தடதடன்னு ஆடுது. என் முட்டி வேற ஆடுது."

"முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க."

"முட்டையைத்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இருபது முட்டை. உடைஞ்சா அந்தப் பழியும் எம்மேலதான் விழும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

முதல் சர்வீஸ் ஒரு பழைய சந்தை மைதானத்தில். தார்ப்பாயை விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்து முடிப்பதற்குள் கார் உள்ளே வந்தது. உடம்பெல்லாம் மண், ஆனால் ஒரு கீறல் இல்லை. மேஸ்திரியம்மா காரைச் சுற்றி வந்தாள். அவளுக்குக் காரின் உடம்பைப் பார்த்தால் போதும், காட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். எந்தப் பக்கம் புல் ஒட்டியிருக்கிறது, எந்தச் சக்கரத்தின் விளிம்பில் கல் பட்டிருக்கிறது, எல்லாம் பார்ப்பாள். வலது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

புழுதி இறங்கியதும் இறங்காததுமாகச் சத்தம் போட்டான்.

"எப்படி ஓட்டினேன் தெரியுமா? கேளு உன் தம்பியை. நமக்கு முன்னால போன வெளிநாட்டுக்காரன் புழுதியை நான் தின்னேன், அவ்வளவு கிட்டப் போயிட்டேன். மாப்ள, சொல்லேன்டா!"

தம்பி தலையை ஆட்டினான். பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தான். தொண்டையை இரண்டு தடவை செருமினான். மேஸ்திரியம்மா அதைப் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் பிரேக் கட்டை பெரிய விஷயமாக இருந்தது.

சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் காதருகில் புழுதி குனிந்தான். "அந்த டாக்டரு சும்மா பயமுறுத்திட்டாருடி. கண்ணு தெளிஞ்சுடுச்சு. மருந்து வேலை செய்யுது. வலது பக்கம் ஒண்ணொண்ணும் தெரியுது எனக்கு. மரம் வர்றதுக்கு முன்னாலயே தெரியுது."

"போனது வராதுன்னு சொன்னாரே."

"அவருக்கென்ன தெரியும்? அவரு காட்டுல கார் ஓட்டியிருக்காரா?"

அவள் நட்டை இறுக்கினாள். நம்பிக்கை வரவில்லை. நம்பிவிடலாமே என்ற ஆசை மட்டும் வந்தது.

மதிய சர்வீஸ் ஒரு சர்க்கரை ஆலையின் பின்பக்க முற்றத்தில். வெயில் தலைக்கு நேரே இருந்தது. தகரக் கூரையிலிருந்து சூடு அடித்தது. கார் இந்தத் தடவையும் முழுசாக வந்தது. புழுதி இப்போது பேச்சை இன்னும் ஒரு படி ஏற்றியிருந்தான்.

"வெல்டரே, அடுத்த வருஷம் எல்லை தாண்டிப் போறோம். நாம அங்க போயி ஓட்டறோம். லாரி பிடிக்கறோம். உங்களுக்கு லாரிக்குள்ள படுக்கை."

"காப்பி மெஷினு?"

"அதுவும்தான்."

மேஸ்திரியம்மா காருக்கு அடியில் படுத்திருந்தாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தை அவள் மேல் வந்து விழுந்தது. சாவியைக் கொடுக்கிறேன் என்று சொன்ன வாய் அது. அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து கையைத் துடைத்தாள். புழுதி ரொட்டியைக் கடித்துக்கொண்டே பக்கத்துக் குழுக்காரனுக்குக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ வளைவை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. சிரிப்பு மட்டும் ஒன்றாக இருந்தது.

தம்பி வேனுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தொண்டை இப்படிக் கரகரங்குது?"

"தூசிக்கா."

"நீ நாள் பூரா வாசிச்சாலும் கால் பக்கம் பேச்சு வராது. உனக்குத் தொண்டை கட்டுதுன்னா நான் நம்பணுமா?"

அவன் தண்ணீரைத் துப்பினான். காரின் பக்கம் திரும்பிப் பார்த்தான். மாமா தூரத்தில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, சொன்னா கத்தக் கூடாது. மாமாவுக்கு வலது பக்கம் தெரியல."

அவள் கைத்துண்டு அப்படியே நின்றது.

"ஒத்திகைக்குப் போனப்ப வலது பக்கச் சந்துலேர்ந்து ஒரு சைக்கிள்காரர் வந்தாரு. நல்லாத் தெரியற மாதிரிதான் வந்தாரு. மாமா பிரேக்கே புடிக்கல. நான் கத்தினதும்தான் புடிச்சாரு. 'பாத்துக்கிட்டுதான்டா இருந்தேன்'னு சிரிச்சாரு. பாக்கலக்கா அவரு. அப்புறம் ரெண்டு மூணு தடவ சோதிச்சுப் பாத்தேன். அதுலேர்ந்து வலது பக்கம் இருக்கறதை எல்லாம் சேர்த்துச் சொல்லிட்டு வர்றேன். வலது மரம், வலது கல்லு, வலது பள்ளம், வலது ஓரம் ஒட்டாதீங்க. குறிப்புல இருக்கற மாதிரியே வாசிக்கறேன். அவருக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வண்டியையே எடுக்க விட மாட்ட. எத்தனை வருஷமா இதையே பேசிக்கிட்டிருக்காரு. இந்த ஒரு தடவை நான் பாத்துக்கறேன், அப்புறம் உங்கிட்ட சொல்லி நிறுத்திடலாம்னு இருந்தேன்."

ஆலையின் குழாயில் எங்கோ ஆவி சீறி அடங்கியது. அவளுக்கு இதை இதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"மூணு மாசமாத் தெரியும். நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உங்கிட்ட சொல்லாதன்னு உங்க மாமா கேட்டுக்கிட்டாரு."

தம்பி அவளையே பார்த்தான். அவனுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. சின்ன வயசில் அடி விழுந்தால் அழாமல் இப்படித்தான் நிற்பான்.

"தெரிஞ்சேதான் என்னை அந்த சீட்டுல ஏத்தி விட்டியா?"

அவள் அவன் தோளில் கையை வைக்கப் போனாள். அதற்குள் நேரம் பார்க்கிற அதிகாரி விசில் ஊதினார். தம்பி எழுந்து பேன்ட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு போனான். வழக்கமாக "வர்றேன்கா" என்பான். அன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது சர்வீஸுக்குப் போகிற சாலை மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பெரிய லாரிகள், செங்கல் ஏற்றிய டிராக்டர்கள், சாலையோரம் பந்தயம் பார்க்க வந்து தப்பான இடத்தில் நின்றுகொண்டிருக்கிற குடும்பங்கள். மேஸ்திரியம்மா எல்லாவற்றையும் முந்தினாள். வெல்டர் முட்டைப் பாத்திரத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். தம்பி பக்கத்தில் இருக்கிற வரைக்கும் புழுதிக்கு இரண்டு கண் இருந்தது. ஒன்று அவனுடையது, மற்றது தம்பியின் வாய். அது அவனுக்கே தெரியாததால்தான் கண் தெளிந்துவிட்டது என்கிறான். அடுத்த வருஷம் என்கிறான். புருஷனின் ஆசைக்காக அவள் மறைத்தாள், மாமாவின் ஆசைக்காகத் தம்பி மறைத்தான், இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் குருடனாகவே வைத்திருந்தார்கள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஹாரனை அழுத்தினாள். முன்னால் யாருமில்லை.

"வெல்டரே."

"உசுரோட இருக்கேன்."

"ஒருத்தரு ஆசை ஆசையாச் சாப்பிடறாரு. அது அவருக்கு ஆகாதுன்னு நமக்குத் தெரியும். தட்டைப் புடுங்குவீங்களா?"

வெல்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சாப்பாடு?"

"ஏதோ ஒண்ணு."

"பசியில சாப்பிடறாரா, பசி தீர்ந்தப்புறம் சாப்பிடறாரா?"

"இருபது வருஷப் பசி."

"அப்ப புடுங்கினா கையைக் கடிப்பாரு," என்றார் வெல்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரே தட்டைத் தள்ளி வச்சாத்தான் உண்டு" என்றார். "யாருக்கு? எனக்கா? நான் மூணு முட்டைதான் சாப்பிட்டேன்."

அப்போது போன் அடித்தது. வெல்டர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தம்பியின் மனைவி.

"அண்ணி, எங்க இருக்கீங்க? அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரு."

"காட்டுக்குள்ள எடுக்காதும்மா. டவர் கிடையாது."

"காலையிலேர்ந்து ஏதோ பதட்டமாவே இருக்கு. பாப்பா இப்பத்தான் கதவைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னா அண்ணி! ரெண்டு நிமிஷம் நின்னா. அவருகிட்ட சொல்லணும். நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்கான். சாப்பிட்டான்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "சாயங்காலம் பேசச் சொல்றேன்."

"நீங்க இருக்கற தைரியம்தான் அண்ணி," என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

வெல்டர் ஏதோ பேச வாயெடுத்தார். மேஸ்திரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி சர்வீஸ் காட்டோரம் ஒரு மரம் அறுக்கிற மில்லின் வாசல். தரையெல்லாம் மரத்தூள். வெயில் சாய்ந்து மர அடுக்குகளின் நிழல் நீண்டு கிடந்தது. அவர்கள் தார்ப்பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு காராக வந்தது. இவர்களுடையது வர வேண்டிய நேரத்தைத் தாண்டிவிட்டது. மேஸ்திரியம்மா நின்றாள், உட்கார்ந்தாள், இருக்கிற ஸ்பானரையெல்லாம் அளவு வாரியாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

கார் வந்தது. வலது கண்ணாடியைக் காணோம். வலது பின்கதவிலிருந்து சக்கரம் வரைக்கும் தகடு உள்ளே போயிருந்தது. மரப்பட்டை ஒட்டியிருந்தது. இடது பக்கம் காலையில் கிளம்பினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று இறங்கினான் புழுதி. "ஒரு மரம் ஆசையாத் தடவிடுச்சு. வெல்டரே, சக்கரத்துல உரசாத மாதிரித் தட்டி விடுங்க, போதும். மாப்ளைக்குத்தான் குரல் போயிடுச்சு பாவம். சுத்தமாப் போயிடுச்சு. கட்டத்துக்கு நடுவுலேயே காத்துதான் வந்துச்சு."

தம்பி இறங்கி நின்றான். வாயைத் திறந்தான். அக்கா என்கிற மாதிரி உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மதியம் பேசாமல் போன கோபமெல்லாம் அந்த முகத்தில் இல்லை. பயம் இருந்தது.

வெல்டர் சுத்தியலோடு குனிந்துவிட்டார். மேஸ்திரியம்மா புழுதியைத் தனியாக இழுத்தாள்.

"போதும்ங்க. இதோட நிறுத்திக்கலாம்."

"என்னம்மா நீ? ஒரே ஒரு கட்டம். அதை முடிச்சா இன்னைக்கு நம்ம நாட்டுக்காரங்கள்ல நாமதான் முதல்."

"இருட்டப் போகுது. அவனுக்குக் குரல் இல்ல. யாரு வாசிப்பா?"

"எதுக்கு வாசிக்கணும்? ஒத்திகைல நாலு தடவ போயிருக்கேன். மனப்பாடம். அவன் கையைக் காட்டினாப் போதும்."

"கண்ணு..."

"மறுபடி கண்ணா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "காலையிலேர்ந்து எவ்வளவு தூரம் வந்திருக்கேன்? வலது பக்கம் ஒரு இலைகூட எம்மேல படல. இப்ப பட்டது ஓரத்து மண்ணு சரிஞ்சதால. எந்த டிரைவருக்கும் ஆகும். என் கண்ணு எனக்குத் தெரியாதா?"

தம்பி சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்கு வலது பக்கம் தெரிந்தது என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நம்ப மாட்டான். தம்பி தன் மேல் பரிதாபப்பட்டானா என்று கோபப்படுவான், அந்தக் கோபத்தோடேயே ஏறி ஓட்டுவான். அவனை அவளுக்குத் தெரியும். அவன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். தம்பி ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறாதே என்று அவள் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். ஆனால் கையைக் காட்டக்கூட ஆள் இல்லாமல் மாமா தனியாகப் போய்விடுவாரோ என்று அவன் பயந்தது முகத்திலேயே தெரிந்தது. ஏறிவிட்டான்.

கார் வாசலுக்கு நகர்ந்து அதிகாரியின் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றது. முன்னால் ஒரே ஒரு கார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புழுதி தலைக்கவசத்தை இன்னும் போடவில்லை, மடியில் வைத்திருந்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸிலிருந்து வண்டி வெளியே போகும் முன் மேஸ்திரியம்மா நான்கு சக்கரத்தையும் கடைசியாக ஒரு தடவை கையால் பார்த்துவிட்டு "சரி, போங்க" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் அவன் எந்தப் பந்தயத்திலும் கிளம்பினதில்லை. மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளுங்கள், பாசம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அவள் பார்த்தாள். முன்பக்க இடது சக்கரம். பின்பக்க இடது. பின்னால் சுற்றிக்கொண்டு வலது. நசுங்கின தகட்டைத் தாண்டி முன்பக்க வலது சக்கரத்துக்கு வந்தாள். நட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அங்கிருந்து எழுந்து, அவன் கதவுக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடி பிய்ந்துபோன இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

முன்னால் நின்ற கார் கிளம்பிப் போயிற்று. அதிகாரி கையை அசைத்து வரச் சொன்னார்.

"மேஸ்திரி, ஆச்சா?" என்றான் புழுதி, நேராகப் பார்த்துக்கொண்டு.

அவன் விரல் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டது.

"ஏய், சரியான்னு கேக்கறேன்ல? எங்க போனா இவ? கூப்பிடறாங்கல்ல!"

அவன் உள்கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வெல்டர் மட்டும் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மாப்ள, உங்கக்கா எங்கடா? இந்த நேரத்துலயா காணாமப் போவா?"

தம்பிக்கு அவள் நிற்பது நன்றாகத் தெரிந்தது. அவன் கை தானாக எழுந்தது. காலையிலிருந்து வலது பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஆள். மேஸ்திரியம்மா அவனைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். எழுந்த கை இறங்கி மடியில் உட்கார்ந்தது. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றான் புழுதி. அப்புறம் அவளைத் தேடி வெளியே தலையை நீட்டத் திரும்பினான்.

அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டினால் அவன் கன்னத்தைத் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்ட.

புழுதிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவளைப் பார்த்தான். அவள் கை காரின் மேல் இருப்பதைப் பார்த்தான்.

"எப்ப வந்த?"

"நான் எங்கேயும் போகலங்க. நீங்க முதல்ல கூப்பிட்டப்பவே இங்கதான் நின்னேன்."

அவள் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை. மேஜைக்குப் பின்னாலிருந்து அதிகாரி மறுபடி கையை அசைத்தார். பின்னால் நின்ற வெளிநாட்டுக் கார் ஹாரன் அடித்தது.

புழுதி நேராகப் பார்த்தான். மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். மறுபடி நேராகப் பார்த்தான். அவள் எந்த இடத்தில் காணாமல் போகிறாள், எந்த இடத்தில் திரும்பி வருகிறாள் என்று பார்க்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது தடவையோடு நிறுத்திக்கொண்டான். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினான்.

"காலையிலேர்ந்து வலது மரம், வலது கல்லுன்னு நீ வாசிச்சியே. அதெல்லாம் குறிப்புல இருந்துச்சா?"

தம்பி இல்லை என்று தலையை ஆட்டினான். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"அந்த மரம்?"

தம்பி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

புழுதி எஞ்சினை நிறுத்தினான். அந்த முற்றத்தில் அவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மில்லுக்குள் யாரோ பலகையைக் கீழே போட்டார்கள். அதிகாரி எழுந்து இவர்களை நோக்கி நடந்து வந்தார். புழுதி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான். பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறக்கப் பிடியில் கையை வைத்தவன், திறக்காமல் நிறுத்திக்கொண்டான்.

"தள்ளி நில்லும்மா," என்றான். தம்பி கேட்கும்படியாகவே சொன்னான். "கதவு இடிச்சிடப் போகுது. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது."